விருந்தினர் பார்க்கலாம்

3 ஜூன்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் உன் அம்மாவும் சுகம். அவளுடைய முழங்கால் மட்டும், மழை வரப்போவதை வானத்துக்கு முன்னாலேயே சொல்லிவிடுகிறது. உனக்கும் என் பேத்தி வாலுவுக்கும் உடம்பு எப்படி? அவளுக்குச் சளி விட்டதா? உங்களைத் தன் வீட்டில் வைத்துக்கொண்டிருக்கிற நர்ஸ் அக்காவுக்கு எங்கள் வணக்கத்தைச் சொல்.

முதலில் ஒரு மானக்கேடான விஷயத்தைச் சொல்லி முடித்துவிடுகிறேன். நீ போன கடிதத்தில் எழுதி அனுப்பிய நீளமான கடவுச்சொல்லைத் தொலைத்துவிட்டேன். தொலைத்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது, அது ஊருக்குள்தான் சுற்றிக்கொண்டிருக்கிறது. கம்ப்யூட்டரில் பார்த்துத் தட்டும்போது கடிதம் மடியிலிருந்து நழுவுகிறதே என்று, பக்கத்தில் கிடந்த ரெக்சின் துண்டின் பின்பக்கம் மார்க்கர் பேனாவால் பெரிது பெரிதாக எழுதி வைத்தேன். கடிதத்தை நீ சொன்னபடி கிழித்தும் போட்டாயிற்று. மறுநாள் பால்காரர் வந்து வண்டி சீட் கவர் அவசரம் என்று தலைமேல் நின்றார். வெட்டி, தைத்து, ஸ்டேப்ளர் அடித்து அனுப்பினேன். அவர் தெருமுனை திரும்பும்போதுதான் எனக்கு உறைத்தது. இப்போது உன் கடவுச்சொல்லின் மேல் உட்கார்ந்துகொண்டு பால்காரர் வீடு வீடாகப் போகிறார். எப்படித் திருப்பிக் கேட்பது? "அண்ணே, கொஞ்சம் எந்திரிங்க, உங்களுக்கு அடியில என் பொண்ணோட ரகசியம் இருக்கு"ன்னா கேட்க முடியும்?

உன் அம்மா சிரிக்கவில்லை. "ஒன்பதாங் கிளாஸோட நின்னவர நம்பி இதெல்லாம் ஒப்படைச்சிருக்கா பாரு, அவளைச் சொல்லணும்" என்றாள்.

மற்ற வேலை நடந்திருக்கிறது. உன் பழைய கம்ப்யூட்டரைக் கடையில் தையல் மெஷினுக்குப் பக்கத்தில், ஸ்பாஞ்சு மூட்டைக்கு மேலே ஏற்றிவைத்தேன். நீ எழுதின வரிசைப்படி, படங்களைப் போட்டுவைக்கிற அந்தப் புகைப்படப் பெட்டி நிரலை நிறுவினேன். நிறுவல் முடிந்தது, வாழ்த்துகள் என்று திரையில் வந்தது. என்னை யாரும் வாழ்த்தி ரொம்ப நாளாயிற்று. ஆனால் உள்ளே போகத்தான் கடவுச்சொல் இல்லை. அடுத்து என்ன செய்ய?

ஆசிகளுடன்,
அப்பா


13 ஜூன்

அன்புள்ள அப்பாவுக்கு,

நானும் வாலுவும் நன்றாக இருக்கிறோம். சளி போய்விட்டது, சேட்டை போகவில்லை. அம்மாவைப் படி ஏறி இறங்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.

பால்காரர் கதையை நர்ஸ் அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். சிரித்துச் சிரித்து அவர்களுக்கு விக்கல் வந்துவிட்டது. நான் சிரித்து எத்தனை நாளாயிற்று என்று அப்புறம்தான் தோன்றியது. ஒன்றும் குடிமுழுகவில்லை. எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து நிறுவுங்கள். இந்தத் தடவை கடவுச்சொல்லை நீங்களே வையுங்கள். உங்களுக்குப் பிடித்த, ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத ஐந்தாறு சொற்களைச் சேர்த்து வைத்தால் போதும். எனக்கும் சொல்ல வேண்டாம். ரெக்சினில் எழுதவே வேண்டாம்.

இதையெல்லாம் ஏன் கடிதத்தில் எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று அம்மா கேட்பாள். வாலுவின் அப்பாவுக்கு போன் கம்பெனியில் வேண்டியவர் இருக்கிறார். நான் யார் யாரிடம் பேசினேன் என்று ஒரு தடவை அச்சடித்துக் கொண்டுவந்து மேஜையில் போட்டார். என் பழைய மெயிலும், படம் சேமிக்கிற பெரிய கம்பெனிக் கணக்குகளும் அவர் கையில்தான். அதனால்தான் நம் வீட்டிலேயே, நம் கையில் இருக்கிற ஒரு பெட்டி. நான் இங்கிருந்து படம் ஏற்றுவேன், அம்மா அங்கே வாலு வளர்வதைப் பார்ப்பாள்.

பெட்டியின் நிர்வாகி நீங்கள் மட்டும்தான். எனக்குப் படம் ஏற்றுகிற உரிமை போதும். என் போன் யார் கையிலாவது சிக்கினாலும் பெட்டி முழுவதும் போய்விடக் கூடாது. யோசித்துத்தான் சொல்கிறேன். உங்களைத் தவிர வேறு யாரையும் அந்த இடத்தில் வைக்க மாட்டேன்.

செய்ய வேண்டியவை: நிறுவல் முடிந்ததும் 'இன்ஸ்டால்' என்ற அடைவை, அதாவது ஃபோல்டரை, அழித்துவிடுங்கள். அது இருந்தால் வேறு யாராவது வந்து மறுபடி நிறுவித் தங்களையே நிர்வாகி ஆக்கிக்கொள்வார்கள். புதியவர்கள் தாங்களாகவே கணக்குத் தொடங்குகிற வசதியை நிறுத்துங்கள். முகவரிக்கு முன்னால் பூட்டுப் படம் தெரிகிறதா பாருங்கள். கடைசியாக, அமைப்புகள் பக்கத்தில் 'விருந்தினர் பார்க்கலாம்' என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் டிக் இருக்கவே கூடாது.

இன்னொன்று. போனில் எடுக்கிற ஒவ்வொரு படத்துக்குள்ளும் அது எங்கே எடுக்கப்பட்டது என்ற குறிப்பு ஒட்டிக்கொண்டிருக்கும். கண்ணுக்குத் தெரியாது. திரையில் காட்டுகிற நகலில் பெட்டி அதை நீக்கிவிடும். அசல் படத்தை இறக்கிக்கொண்டால் குறிப்பும் கூடவே வரும். அதனால் அசலை இறக்குகிற உரிமை உங்கள் இரண்டு பேருக்கும்கூட வேண்டாம்.

நான் எங்கே இருக்கிறேன் என்று அவருக்குத் தெரியக் கூடாது. இத்தனைக்கும் காரணம் அது ஒன்றுதான்.

அன்புடன்,
உங்கள் மகள்


24 ஜூன்

அன்பு மகளுக்கு,

நலம். அம்மா படி ஏறுவதை நிறுத்திவிட்டாள், என்னை ஏற்றி இறக்குகிறாள். உங்கள் மூவரின் உடம்பையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் செய்துவிட்டேன். இன்ஸ்டால் அடைவை அழித்தேன். அது அழிந்ததா என்று மூன்று தடவை போய்ப் பார்த்தேன், செத்த பாம்பைக் குச்சியால் குத்திப் பார்க்கிற மாதிரி. பூட்டுப் படம் தெரிகிறது. புதுக் கணக்கு நிறுத்தியாயிற்று. உன் கணக்கில், அம்மா கணக்கில், என் கணக்கில், மூன்றிலும் அசலை இறக்கும் உரிமையை எடுத்துவிட்டேன். நிர்வாகிக்கே உரிமை இல்லாத நிர்வாகம். வீட்டிலும் எனக்கு அப்படித்தான், பழக்கம்தான்.

இந்த 'விருந்தினர்' கட்டத்தில்தான் எனக்கும் அம்மாவுக்கும் சின்ன வாக்குவாதம். "என் தம்பி வந்தா காட்டாம எப்படி? வீட்டுக்கு வர்றவங்களை வாசல்லயே நிறுத்துறதா? யாரு வச்ச சட்டம் இது?" என்றாள். "இது வேற விருந்தாளிடி, இவங்களுக்கு டீ போட வேண்டாம்" என்றேன். சொன்னேனே தவிர எனக்கும் சரியாகப் புரியவில்லை. விருந்தினர் என்றால் யாரம்மா? மச்சான் வந்தால் நான் திறந்து காட்டலாம்தானே?

நீ ஏற்றிய முதல் படங்களை நேற்று பார்த்தோம். வாலு மழைக்கோட்டைத் தலைகீழாகப் போட்டுக்கொண்டு நிற்கிறாள். உன் அம்மா திரையைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள். திரையில் தூசி இல்லை.

மாப்பிள்ளை பக்கமிருந்து ஒரு தகவலும் இல்லை.

அப்பா


10 ஜூலை

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே மூவரும் நலம். எனக்கு வேலை கிடைத்திருக்கிறது, ஒரு கிளினிக்கில் ரசீது போடுகிற வேலை. வாலுவைப் பக்கத்திலேயே சின்னப் பள்ளியில் சேர்த்தாயிற்று. இனி அம்மாவுக்குச் சீருடைப் படமெல்லாம் வரும். நீங்கள் வெளிச்சமில்லாமல் தைக்காதீர்கள், கண் போய்விடும்.

விருந்தினர் யார் என்று கேட்டிருந்தீர்கள். தனித் தாளில் எழுதுகிறேன், கடையில் வைத்துக்கொள்ளுங்கள். மாமா வந்தால் உங்கள் கணக்கில் நுழைந்து, பக்கத்தில் உட்காரவைத்துக் காட்டுங்கள். அவர் விருந்தினர் இல்லை, அவர் மாமா. பெட்டி 'விருந்தினர்' என்று சொல்வது, கடவுச்சொல் இல்லாமல் வருகிற யாரையும். பெயர் கேட்காது, முகம் பார்க்காது. கட்டத்தில் டிக் போட்டால் தெருவில் போகிற எவரும் உள்ளே வந்து, இருக்கிற படத்தையெல்லாம் பார்த்துவிட்டுப் போகலாம். வந்தது யார் என்று நமக்குத் தெரியாது.

அப்பா, ஒரு சின்ன விஷயம். மாப்பிள்ளை என்று இனி எழுதாதீர்கள். படிக்கும்போது அவர் இன்னும் நம் வீட்டுக் கூடத்தில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கிறது.

அவர் கடைக்கு வந்தால் எனக்கு உடனே எழுதுங்கள். நல்லவிதமாகப் பேசுவார். எப்போதும் நல்லவிதமாகத்தான் பேசுவார்.

உங்கள் மகள்


3 ஆகஸ்ட்

அன்பு மகளுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. இங்கே சுகம். கட்டைவிரலில் ஸ்டேப்ளர் அடித்துக்கொண்டேன், அதனால் எழுத்து இப்படிக் கோணுகிறது. முப்பது வருஷமாக சீட்டுக்கு அடித்தவன் இப்போது எனக்கே அடித்துக்கொள்கிறேன். அம்மா சொல்கிறாள், அந்த விரலுக்காவது ஒரு கவர் போட்டு வையுங்கள் என்று.

விருந்தினர் தாள் கிடைத்தது. நன்றாகப் புரிந்தது. இத்தனை வருஷம் வீட்டுக்கு வந்தவர்களில் பாதிப் பேர் இந்த வகைதான் போலிருக்கிறது: பெயர் தெரியாது, முகம் தெரியாது, சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

உனக்கு வேலை கிடைத்தது எங்களுக்குச் சந்தோஷம். சீருடைப் படம் வந்தது. அம்மா அக்கம்பக்கத்தில் சொல்லவும் முடியாமல் சொல்லாமல் இருக்கவும் முடியாமல் படுகிற பாடு பெரும்பாடு.

வாலு அப்பாவைக் கேட்கிறாளா? சும்மாதான் கேட்டேன். தகப்பன் என்று இருக்கிறவனுக்கு, பார்க்கணும் என்று மனசு அடித்துக்கொள்ளும் இல்லையா? பொதுவாகச் சொல்கிறேன்.

கடையில் கூட்டம் இல்லை. வேறு விசேஷம் ஒன்றும் இல்லை.

அப்பா


11 ஆகஸ்ட்

மதிப்புக்குரிய மாமாவுக்கு,

தாங்களும் அத்தையும் நலமாக இருக்க வேண்டுகிறேன். அத்தையின் முழங்காலுக்கு ஒரு தைலம் சொல்லியிருந்தேனே, வாங்கித் தேய்த்தீர்களா?

போன மாதக் கடைசியில் கடைக்கு வந்து அப்படி அழுததற்கு மன்னிக்கவும். யார் முன்னாலும் அழாதவன் நான். தாங்கள் டீ வாங்கிக் கொடுத்து, "படம் பாக்குறதுல என்ன இருக்கு, பெத்தவன்தானே" என்று சொல்லிப் பெட்டியைத் திறந்துவிட்டீர்களே, அந்தப் பெரிய மனசு யாருக்கு வரும்? தாங்கள் எழுதிக் கொடுத்த முகவரியைத் தட்டினேன். கடவுச்சொல் எதுவும் கேட்கவில்லை. நேராக என் குழந்தையின் முகம்.

படங்கள் முழு அளவில் அசலாகவே இறங்குகின்றன. எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொண்டேன். கம்ப்யூட்டர் தெரிந்த நண்பர் ஒருவர் அவற்றைப் பார்த்துவிட்டு, எனக்குத் தெரியாத பல விஷயங்களைச் சொன்னார்.

குடும்பம் ஒன்றுசேர வேண்டும் என்பது தவிர எனக்கு வேறு ஆசை இல்லை. தங்களுக்கும் அதுதான் எண்ணம் என்று தெரியும். அவளிடம் இப்போதைக்குச் சொல்ல வேண்டாம். பயந்துவிடுவாள்.

தங்கள் அன்பு மருமகன்


12 ஆகஸ்ட்

மாப்பிள்ளைக்கு,

நலம். கடிதம் கிடைத்தது. படம் பார்க்கட்டும் என்றுதான் திறந்தேன். அசல் இறங்கும் என்று எனக்குத் தெரியாது. எங்கள் மூன்று பேர் கணக்கிலும் அதை எடுத்துவிட்டிருந்தேன். விருந்தினருக்கு என்று தனியாக ஒரு பக்கம் இருக்கிறது, அதில் எல்லா உரிமையும் தானாகவே இருந்திருக்கிறது. இன்று காலையில்தான் பார்த்தேன். மூடிவிட்டேன்.

எடுத்து வைத்த படங்களை அழித்துவிடுங்கள். நண்பர் சொன்ன விஷயங்களையும் மறந்துவிடுங்கள். அங்கே போக வேண்டாம். உங்கள் காலில் விழுந்து கேட்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். என் வயதுக்கு அது நன்றாக இருக்காது, ஆனாலும் நினைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
மாமா


14 ஆகஸ்ட்

அன்பு மகளுக்கு,

நலம், நலமறிய ஆவல். உன் பதிலுக்குக் காத்திராமல் எழுதுகிறேன். விசேஷமாக ஒன்றும் இல்லை.

கட்டைவிரல் ஆறிவிட்டது. பால்காரர் சீட் இன்னும் கிழியவில்லை, என் தையல் அப்படி. அம்மா எல்லாப் படத்தையும் மனப்பாடம் செய்துவிட்டாள்.

வாலுவைப் பள்ளியிலிருந்து நீயேதானே கூட்டி வருகிறாய்? வேறு யார் வந்து கேட்டாலும் அனுப்ப மாட்டார்கள்தானே? டீச்சரிடம் ஒரு வார்த்தை சொல்லி வை. பேப்பரில் என்னென்னவோ போடுகிறான், அதனால் கேட்டேன். நீயும் வேலை முடிந்து தனியாக வராதே, நர்ஸ் அக்காவோடு சேர்ந்து வா.

கொஞ்ச நாளைக்குப் புதுப் படம் ஏற்ற வேண்டாம். பெட்டியில் இடம் குறைந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

மனசு என்னவோ மாதிரி இருக்கிறது. வயதாகிறது, வேறொன்றும் இல்லை.

அப்பா


2 செப்டம்பர்

அன்புள்ள அப்பாவுக்கு,

வாலு நன்றாக இருக்கிறாள். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்கு இந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டாதீர்கள்.

போன வாரம் அவர் பள்ளிக்கூட கேட்டில் நின்றார். கையில் பொம்மை. டீச்சரிடம் நல்லவிதமாகப் பேசியிருக்கிறார். "ஊர்லேருந்து வந்திருக்கேன், அவங்கம்மாவுக்கு இன்ப அதிர்ச்சியா இருக்கட்டும்னு சொல்லல" என்று. நல்லவேளை, உங்கள் கடிதம் வந்த அன்றே டீச்சரிடம் போய்ச் சொல்லியிருந்தேன், என்னிடம் தவிர யாரிடமும் அனுப்பக் கூடாது என்று. டீச்சர் கேட்டைத் திறக்கவில்லை. எனக்கு ஆள் விட்டார்கள். நான் போகும்போது அவர் எதிர்ப்பக்கம் நின்று, என்னைப் பார்த்துக் கையசைத்தார். அவ்வளவுதான். சும்மா கையசைத்தார்.

போலீஸில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அன்றிலிருந்து ராத்திரியெல்லாம் வாலுவைக் கட்டிலில் சுவர்ப்பக்கம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

நாங்கள் இருக்கிற இடம் தெரிந்தவர்கள் நீங்கள் இருவரும் நர்ஸ் அக்காவும்தான். வேறு யாருக்கும் தெரியாது. அவர்களுடைய ஆஸ்பத்திரிக்கு ஆயிரம் பேர் வருகிறார்கள், யாரிடமோ வாய் தவறியிருக்க வேண்டும். நேற்று கேட்டேவிட்டேன். "நீங்க யார்கிட்டயாவது சொன்னீங்களாக்கா?" அவர்கள் என்னை அப்படியே பார்த்தார்கள். "எனக்கு இது வேணும்"னு சொல்லிவிட்டு அடுப்பை அணைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமை வேறு இடம் பார்த்துப் போகப் போகிறேன். எங்கே என்று தெரியவில்லை. யாரை நம்புவது என்றும் தெரியவில்லை.

ஒரு சந்தேகத்துக்காகக் கேட்கிறேன். பெட்டி எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது?

உங்கள் மகள்


6 செப்டம்பர்

அன்பு மகளுக்கு,

விரைவுத் தபாலில் அனுப்புகிறேன். வாலுவுக்கு என் முத்தம். நீ தூங்கு, கண்ணு.

நர்ஸ் அக்காவை ஒன்றும் சொல்லாதே. அவர்கள் வீட்டை விட்டுப் போகாதே. தப்பு பெட்டியில்தான். அந்த 'விருந்தினர் பார்க்கலாம்' கட்டத்தில் டிக் விழுந்திருந்தது. அம்மாவுடைய தம்பி வந்திருந்தார், அவர் விருந்தாளிதானே என்று நினைத்து நான்தான் தட்டிவிட்டேன் போலிருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் பார்க்கலாம் என்று அர்த்தம் பண்ணிக்கொண்டேன். அசலும் அதன் வழியாக இறங்கியிருக்கிறது. உன் அப்பன் ஒரு முட்டாள் என்பது ஊரறிந்த விஷயம், இப்போது உலகமும் அறிந்துவிட்டது. இப்போது மூடியாயிற்று, விருந்தினர் பக்கத்தில் இருந்த எல்லா உரிமையையும் பிடுங்கிவிட்டேன், என் கடவுச்சொல்லையும் மாற்றிவிட்டேன்.

நர்ஸ் அக்காவிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல். கடிதத்தைக் காட்டினாலும் சரி.

அப்பா


13 செப்டம்பர்

அப்பாவுக்கு,

வாலு நலம். உங்கள் கடிதத்தை நர்ஸ் அக்காவிடம் காட்டினேன். அவர்கள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுதும் படித்துவிட்டு, "சரி, சாப்பிட வா" என்றார்கள். அவ்வளவுதான் சொன்னார்கள். நான்தான் சாப்பிடாமல் அழுதுகொண்டிருந்தேன்.

அவர்களுடைய உறவுக்காரர் வீட்டுக்கு எங்களை மாற்றிவிட்டார்கள். இனி எங்கே இருக்கிறேன் என்று உங்களுக்கும் எழுதப்போவதில்லை. கோபத்தில் சொல்லவில்லை. கடிதத்தை ஆஸ்பத்திரி முகவரிக்கே போடுங்கள்.

அப்பா, விருந்தினர் என்றால் யார் என்று உங்களுக்குத் தனித் தாளில் எழுதியனுப்பினேன். புரிந்தது என்று பதில் எழுதினீர்கள். அதை வைத்து ஒரு ஜோக்கும் அடித்தீர்கள். அந்தக் கடிதம் என்னிடம் இருக்கிறது. மாமாவுக்கு எப்படிக் காட்டுவது என்றும் எழுதியிருந்தேன்.

பெட்டியின் முகவரி யாரும் ஊகிக்க முடியாதது. யாராவது சொல்லாமல் அவர் அதைத் தட்டியிருக்க முடியாது.

ஞாயிறு காலை ஆஸ்பத்திரி போனிலிருந்து கூப்பிடுகிறேன். கடைக்கு வந்து உட்காருங்கள். நான் கேட்பதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

மகள்


22 செப்டம்பர்

அன்பு மகளுக்கு,

சுகமா என்று கேட்கத்தான் எழுதுகிறேன். இங்கே சுகம் என்று எழுத வேண்டிய இடத்தை விட்டுவிடுகிறேன். நர்ஸ் அக்கா இந்தக் கடிதத்தை உன்னிடம் கொடுத்தால் படி. கொடுக்காவிட்டாலும் அவர்கள் செய்வது சரியாகத்தான் இருக்கும்.

உன் குரலைக் கேட்டு எத்தனை மாதம். நீ "ஹலோ" என்றதும் நான் கதவைச் சாத்தினேன், தெருச் சத்தம் உன் மேல் விழக் கூடாது என்று. அம்மா ஸ்பாஞ்சு மூட்டை மேல் உட்கார்ந்திருந்தாள்.

"அவர் கடைக்கு வந்தாரா?" என்று கேட்டாய்.

"வந்தாரும்மா" என்றேன்.

"நீங்களே முகவரி கொடுத்தீங்களா?"

"கொடுத்தேன்."

"விருந்தினர்னா யாருன்னு தெரிஞ்சுதான் டிக் போட்டீங்களா?"

"தெரிஞ்சுதான் போட்டேன்." அதைச் சொல்லும்போது உன் அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் மெஷினில் ஊசி கோக்கிற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவளுக்கு அதுவரை எதுவும் தெரியாது. எழுந்து வெளியே போய் நின்றுகொண்டாள்.

அவர் எழுதிய கடிதத்தைப் பற்றியும் சொன்னேன். "அந்தக் கடுதாசி வந்த அன்னைக்கே எனக்கு ஒரு வார்த்தை எழுதியிருந்தா, நான் அந்த வாரமே கிளம்பியிருப்பேனேப்பா" என்றாய். உண்மைதான். உனக்கு எழுதினேன், கட்டைவிரல், பால்காரர், பேப்பர்ச் செய்தி எல்லாம் எழுதினேன்.

பிறகு நிர்வாகி இனி நர்ஸ் அக்கா என்றாய். நீ சொல்லச் சொல்ல நான் தட்டினேன். அவர்கள் பெயரில் கணக்குத் தொடங்கி, உரிமை எல்லாவற்றையும் அவர்கள் பக்கம் மாற்றி, என் பெயருக்கு எதிரே 'பார்வையாளர்' என்று வந்ததும் "வந்துடுச்சு" என்றேன். "அம்மா பேர்லயும் அப்படியே இருக்கட்டும், அம்மா பாக்கட்டும்" என்றாய். என்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பார்வையாளர் பட்டியலில் விட்டுவைத்தாயே, அது போதும். அசல் படங்களை அழித்துவிட்டு, இடக்குறிப்பு நீக்கியதை மட்டும் அக்கா ஏற்றுவார்கள் என்றாய். நல்லது.

அவர் இங்கே வந்தால் கடைக்குள் விட மாட்டேன். நேற்றே வந்தார். ஷட்டரைப் பாதி இறக்கிவைத்து, வாசலிலேயே நின்று பேசினேன். "என்ன மாமா, உள்ள கூப்பிட மாட்டீங்களா?" என்றார். மாட்டேன் என்றேன். அத்தை முழங்கால் எப்படி என்று கேட்டுவிட்டுப் போனார். போலீஸில் நீ கொடுத்த புகாரோடு சேர்க்க, அவருடைய கடிதத்தை இதில் வைத்திருக்கிறேன். சாட்சி சொல்லக் கூப்பிட்டால் வருகிறேன். நான் திறந்துவிட்டதையும் அங்கே சொல்கிறேன்.

அம்மா என்னோடு பேசுகிறாள், வேலைக்குத் தேவையான அளவுக்கு. "தண்ணி வந்துடுச்சு." "மாத்திரை எங்க?" அந்த மாதிரி.

வாலுவுக்குக் காலுறை சின்னதாகிவிட்டது என்று கடைசிப் படத்தில் பார்த்தேன். ஜலதோஷம் பிடிப்பதற்கு முன்னால் புதிது வாங்கிவிடு. நர்ஸ் அக்காவின் உடம்பையும் பார்த்துக்கொள்.

ஆசிகளுடன்,
அப்பா

கையெழுத்துப் போட்ட பிறகு எழுதுகிறேன். போனில் கடைசியாக நீ "ஏன்ப்பா திறந்தீங்க?" என்று கேட்டாய். "ஒன்பதாங் கிளாஸ் மூளைம்மா, அவ்வளவுதான் ஓடும்" என்றேன். உனக்கு லேசாகச் சிரிப்பு வந்த மாதிரி இருந்தது. அந்தச் சிரிப்பைப் பிடித்துக்கொண்டு போனை வைத்துவிட்டேன். மூளைக் குறைவால் திறக்கவில்லை. நீ குழந்தையைத் தூக்கிக்கொண்டு நம் வீட்டு வாசலில் வந்து நின்ற அன்று, உங்களை உள்ளே வைத்து வெளியே பூட்டிவிட்டுப் போகிறார் என்று சொன்னாய், சொட்டுக் கண்ணீர் விடாமல் சொன்னாய். அவன் கடையில் வந்து குலுங்கிக் குலுங்கி அழுதான். நீ சொன்னதில் பாதி உண்மையாக இருக்காது என்று அப்போது நினைத்தேன்.